துருசு பூட்டிய பிறகும் ஓடும் தண்ணீர்: மரண விளிம்பு அனுபவம் என்றால் என்ன?

போன மாசியில் ஓர் எட்டுச் செலவு, இறந்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் சடங்கு. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். செத்தவீட்டுப் பேச்சு எங்கே சுற்றினாலும் சாவிலேயே வந்து நிற்கும். எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர், மூன்று வருடங்களுக்கு முன் வைத்தியசாலைக் கட்டிலில் இதயம் நின்று திரும்பியவர், அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"அந்த நேரம் நான் குளக்கட்டிலை நிக்கிறன் தம்பி. பொழுது படுற மாதிரி வெளிச்சம், ஆனா சூரியனைக் காணேல்லை. வாய்க்காலுக்கு அங்காலை அம்மா நிக்கிறா. அவ செத்து இருபது வருசம். 'இப்ப ஏன் வந்தனி, திரும்பிப் போ' எண்டா. பிறகு நெஞ்சு நோவோடை கண் முழிச்சன்."

உடனே கதிரைகளில் இருந்து தீர்ப்புகள் வந்தன. "சித்திரபுத்திரனார் ஏட்டைப் பிழையாப் பாத்திட்டார்" என்றார் ஒருவர். யூரியூப்பில் இப்படி எத்தனையோ வீடியோ இருக்கிறது, எல்லாரும் ஒரே சுரங்கத்தைத்தான் கண்டிருக்கிறார்கள் என்றான் ஒரு பொடியன். மருந்து மயக்கம் என்று முடித்துவிட்டார் முன்பு பார்மசியில் வேலை செய்த ஒருவர். கடைசியில், மூலையில் இருந்த அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நாங்கள் முள்ளிவாய்க்காலிலை செத்துப் பிழைக்கேல்லையோ? எங்களுக்கு ஒரு வெளிச்சமும் வரேல்லையே."

அதற்கு அன்றைக்கு எவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை. அப்புறம் தேடித் தேடி வாசித்தேன். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. விளங்கியதை, படிக்காத ஆள் படிக்காத ஆளுக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

"செத்துப் பிழைத்தது" என்று எதைச் சொல்கிறோம்?

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். 2004 மார்கழி 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் அலை அள்ளிப் போயும் மரத்தைப் பிடித்துத் தப்பியவர் செத்துப் பிழைத்தவர். பங்கர் வாசலில் செல் விழுந்தும் கீறல் இல்லாமல் வந்தவரும் அப்படித்தான். குளத்தில் தாண்டு, மூச்சில்லாமல் தூக்கியெடுக்கப்பட்டவருக்கும் அதே பெயர்தான். வார்டில் இதயம் நின்ற என் பெரியப்பாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். ஒரே சாக்கில் நெல்லையும் பயறையும் உழுந்தையும் கொட்டிவிட்டு விலை கேட்கிறோம். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

பிரித்துப் பார்ப்போம். சாவு பக்கத்தால் போனது ஒன்று. ஆபத்து பெரியது, ஆனால் உடம்பு தன் வேலையை நிறுத்தவில்லை. இதயமும் மூச்சும் உண்மையிலேயே நின்று, பிறகு மீட்கப்பட்டது இன்னொன்று. இந்த இரண்டிலும் சிலருக்கு மட்டும், உடம்பை விட்டு விலகியதுபோல, எல்லையில்லாத அமைதிபோல, வெளிச்சத்தையோ இறந்துபோன உறவுகளையோ கண்டதுபோல மிகத் தெளிவான ஒரு நினைவு மிஞ்சுகிறது. அந்த நினைவைத்தான் மரண விளிம்பு அனுபவம் என்கிறோம். அது சம்பவத்தின் பெயர் இல்லை, சம்பவத்துக்குள் ஒருவர் கண்டதன் பெயர்.

இவை ஒன்றோடொன்று ஒட்டியே வரவேண்டும் என்று இல்லை. நெதர்லாந்தில் இதய வைத்தியர் பிம் வான் லொம்மெலும் குழுவினரும் 10 வைத்தியசாலைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் விசாரித்து 2001 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏதோ ஒன்றைக் கண்டதாகச் சொன்னவர்கள் 62 பேர், அதாவது நூற்றுக்கு 18. மற்றவர்களுக்கு ஒன்றுமே நினைவில்லை. மறுபக்கம், 1990 இல் வந்த ஓர் ஆய்வில், இத்தகைய அனுபவத்தைச் சொன்ன 58 பேரின் வைத்தியக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் 30 பேர் உண்மையில் சாகிற நிலையிலேயே இருக்கவில்லை. சாகப்போகிறோம் என்று நினைத்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. 1892 இலேயே அல்பேர்ட் ஹைம் என்ற சுவிஸ் புவியியலாளர் மலையிலிருந்து விழுந்து தப்பியவர்களின் கதைகளைச் சேர்த்தார். விழுந்துகொண்டிருந்த அந்த ஒருசில விநாடிகளில், உடம்பில் காயமே படுவதற்கு முன், காலம் நீண்டதாகவும் மனம் அமைதியானதாகவும் பலர் சொன்னார்கள்.

ஓர் இடைச்செருகல்: வன்னியில் இன்னொரு வகைச் "சாவு" உண்டு. எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லும் பாம்பு, இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் நஞ்சு தசைகளைக் கட்டிப்போடும். கண் திறக்காது, கை அசையாது, மூச்சுகூட நிற்கும். பார்ப்பவருக்குப் பிணம். ஆனால் உள்ளே ஆளுக்கு நினைவு இருக்கலாம், பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்கலாம். செயற்கைச் சுவாசம் கொடுத்து வைத்திருந்தால் எழும்பி வருவார். வந்து, "நீங்கள் கதைச்சதெல்லாம் கேட்டது" என்பார். அது அதிசயம் இல்லை. அவர் போகவே இல்லை. பாம்பு கடித்தவர் செத்துவிட்டார் என்று வீட்டில் யாரும் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆக, தப்பிப்பது, இதயம் நின்று மீள்வது, அந்த விளிம்பில் ஒன்றைக் காண்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மற்றப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

பம்ப் நின்றால் என்ன நடக்கும்?

"பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து உயிர் போய் வந்தது" என்று ஊரில் சொல்கிறார்கள். அதிலும் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குழாயில் ஊத்தை அடைத்தால் பம்ப் இருமி இருமி ஓடும். தண்ணீர் குறைந்தாலும் வரும். மாரடைப்பு அதுபோல: இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார். அடைப்பு முற்றி, பம்பே நின்றுபோனால் அதற்குப் பெயர் இதய நிறுத்தம். அப்போது சுமார் 10 முதல் 20 விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

ஏன் அவ்வளவு விரைவாக? உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் எடுக்கும் ஒட்சிசனில் 20 பங்கை அதுதான் தின்கிறது. சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் வீடு மாதிரி.

ஆனால் நினைவு தப்புவதும் மூளை சாவதும் ஒன்றில்லை. சிறுபோகத்தில் துருசை, அதாவது குளத்து மதகை, பூட்டிப் பாருங்கள். பூட்டிய அந்த நிமிடமே வயல் வெடிப்பதில்லை. வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு ஈரம் மட்டும் இருக்கும். பயிர் வாடும், அதற்கும் பிறகுதான் கருகும். மூளையிலும் அப்படித்தான். இரத்தம் நின்று 4 முதல் 6 நிமிடத்தில் நிரந்தரச் சேதம் தொடங்குகிறது. அந்த இடைவெளிக்குள் நெஞ்சைக் கைகளால் அமுக்கிக்கொண்டிருந்தால் வழமையான ஓட்டத்தில் கால்பங்கு, கூடிப்போனால் மூன்றில் ஒரு பங்கு இரத்தம் மூளைக்குப் போகும். சி.பி.ஆர் என்பது இதைத்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுதான்.

மூளைச்சாவு என்று வைத்தியர்கள் சொல்வது வேறு. அது பயிர் கருகி முடிந்த நிலை. முறையாக உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவில் இருந்து திரும்பி வந்து கதை சொன்னவர் இல்லை. யூரியூப்பில் "செத்து மூன்று மணித்தியாலத்தின் பின் வந்தவர்" என்று தலைப்புப் போட்டால், அவர் துருசு பூட்டிய வயலில் நின்றிருக்கலாம். கருகிய வயலில் இல்லை.

என்னென்ன காண்கிறார்கள்?

உலகத்துக்கு இது புதிதில்லை என்றாலும், சிதறிக் கிடந்த கதைகளை ஒரே பெயரில் கட்டிப் பலருக்கும் தெரியவைத்தவர் அமெரிக்கரான ரேமண்ட் மூடி. ஆண்டு 1975. அப்புறம் புரூஸ் கிரேசன் என்ற மனநல வைத்தியர் 1983 இல் ஓர் அளவுகோல் செய்தார். 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 புள்ளி, மொத்தம் 32. ஏழும் அதற்கு மேலும் எடுத்தால் அதை மரண விளிம்பு அனுபவம் என்று கணக்கில் எடுப்பார்கள். காலம் மாறித் தெரிந்ததா, அமைதி வந்ததா, உடம்பை விட்டு விலகினீர்களா, ஒளி தெரிந்ததா, இறந்தவரையோ தெய்வத்தையோ சந்தித்தீர்களா, கடந்தால் திரும்ப முடியாத ஓர் எல்லைக்கு வந்தீர்களா என்பதெல்லாம் அதில் உண்டு. பெரியப்பாவின் வாய்க்கால் அந்தக் கடைசிக் கேள்விக்குள் அப்படியே போய் விழுகிறது.

எல்லாரும் ஒரே சுரங்கத்தைத்தான் காண்கிறார்கள் என்ற பொடியனின் கதை மட்டும் சரிவராது. 1986 இல் பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். அங்கே வருபவர்கள் எமதூதர்கள். கூட்டிப்போய் ஏடு வைத்திருப்பவர் முன் நிறுத்துவார்கள். அவர் ஏட்டைப் பார்த்து, இவன் இல்லை, அதே பெயருள்ள வேறொருவன் என்பார். திருப்பி அனுப்புவார்கள். வாசித்தபோது எனக்குச் சித்திராப் பௌர்ணமியும், கோவிலில் சித்திரபுத்திரனார் கதை படித்து முடித்து ஊற்றும் கஞ்சியும்தான் நினைவுக்கு வந்தன. மேற்கில் இந்த "ஆள்மாறாட்டம்" கிடையாது. அங்கே, "உன் வேலை இன்னும் முடியவில்லை" என்று அனுப்புவார்கள். இங்கே கந்தோர்ப் பிழை. சமாதானம், எல்லை, திருப்பி அனுப்பப்படுவது என்ற எலும்புக்கூடு பல இடங்களிலும் ஒத்துப்போகிறது. அதன்மேல் போர்த்தும் தசை அந்தந்த ஊரின் கதைகளில் இருந்து வருகிறது. வன்னி மனிதருக்குக் குளக்கட்டு வராமல் அல்ப்ஸ் மலையா வரும்?

சுரங்கமும் மிதப்பும் எங்கிருந்து வருகின்றன?

முதலில் சுரங்கம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் காணி. துருசுக்குக் கிட்ட இருப்பவருக்குக் கடைசிவரை கிடைக்கும். கண்ணின் பின்சுவரான விழித்திரையிலும் இரத்தம் குறையும்போது ஓரங்கள்தான் முதலில் இருள்கின்றன. நடு கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. சுற்றிவர இருட்டு, நடுவில் வெளிச்சம். அதைச் சுரங்கம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அமெரிக்காவில் ஜேம்ஸ் வின்னரி என்பவர் போர்விமானிகளை இராட்சத ராட்டினம் போன்ற இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார். தலைக்கு இரத்தம் ஏறாமல் மயங்கும் தறுவாயில் அவர்களுக்குப் பார்வை சுருங்கிச் சுரங்கமானது. சிலர் மிதப்பதுபோலவும் அழகான இடங்களைக் கண்டதுபோலவும் சொன்னார்கள். அவர்களில் எவரும் சாகிற நிலையில் இருக்கவில்லை.

அடுத்தது, உடம்பை மேலே இருந்து பார்ப்பது. வவுனியா பஸ் நிலையத்தில் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். பக்கத்து பஸ் பின்னுக்குப் போகிறது. ஒரு கணம் உங்கள் பஸ்தான் புறப்பட்டது என்று வயிறு குலுங்கும். நான் எங்கே இருக்கிறேன் என்பதை மூளை சும்மா அறிவதில்லை. கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, தசைகள் எல்லாவற்றிடமும் கேட்டுக் கணக்குப் போடுகிறது. கணக்குப் பிழைத்தால் இடமும் பிழைக்கும். 2002 இல் சுவிற்சர்லாந்தில் ஒலாவ் பிளாங்கேயும் குழுவினரும், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில், வலது காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக ஓரிடத்தில் சிறு மின்சாரம் கொடுத்தார்கள். தான் மேலே இருந்து கட்டிலில் கிடக்கும் தன்னைப் பார்ப்பதாக அவர் சொன்னார். மின்சாரத்தை நிறுத்த, அதுவும் நின்றது.

நித்திரையில் பேய் அமுக்குவது தெரியும்தானே? முழிப்பு வந்துவிடும், உடம்பு அசையாது, அறைக்குள் யாரோ நிற்பார்கள். கனவுக்கான பொறி அணையாமலே விழிப்புக்கான பொறி எரிந்துவிட்ட நிலை அது. கெவின் நெல்சன் என்ற நரம்பியல் வைத்தியர் 2006 இல் மரண விளிம்பு அனுபவம் பெற்ற 55 பேரையும் பெறாத 55 பேரையும் ஒப்பிட்டார். முதல் கூட்டத்தாருக்கு இப்படிக் கனவும் விழிப்பும் கலக்கும் பழக்கம் வாழ்க்கையில் கூடுதலாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. இதயம் நின்ற பிறகு மூளை சும்மா மங்கி அணையும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2013 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகினின் குழு எலிகளில் பார்த்தபோது, இதயம் நின்ற முதல் 30 விநாடிக்குள் மூளையின் மின்னலைகள் ஒருமுறை கூடி எழுந்தன. அணையும் விளக்கு ஒரு தரம் சுடர்விட்டு எரிவதை எங்கள் ஆட்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். 2023 இல் அதே குழு, செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. இருவரிடம் அத்தகைய எழுச்சி தெரிந்தது. ஆனால் நால்வரும் இறந்துவிட்டார்கள். என்ன கண்டார்கள் என்று கேட்க வழி இல்லை.

கண்ணின் ஓரம் இருள்வது, மூளையின் இடக்கணக்குப் பிழைப்பது, கனவுப்பொறி விழிப்புக்குள் நுழைவது, கடைசிச் சுடர். இந்த நாலும் அனுபவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விளக்கம் தருகின்றன.

அப்படியானால் எல்லாம் விளங்கிவிட்டதா?

இல்லை. விளங்கிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்துபவரையும் நான் நம்பமாட்டேன். ஒட்சிசன் குறைவுதான் முழுக் காரணம் என்றால் இதயம் நின்ற 344 பேருக்கும் வந்திருக்க வேண்டுமே என்பது வான் லொம்மெலின் கேள்வி. இதயம் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள், முன்பு சாவுக்குப் பயந்தவரா என்பதற்கும் அனுபவத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை என்று அவர் காட்டினார். பார்மசிக்காரரின் "மருந்து மயக்கம்" இங்கே அடிபட்டுப் போகிறது.

உயிர் உண்மையாகவே கூரைக்கு ஏறிப் பார்த்ததா என்பதைச் சோதிக்கவும் முயன்றிருக்கிறார்கள். சாம் பார்னியா என்ற வைத்தியரின் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. 15 வைத்தியசாலைகள், 2060 இதய நிறுத்தங்கள். கூரைக்குக் கிட்டத் தட்டுகள் பொருத்தி, மேலே இருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்கள் வைத்தார்கள். ஆழமாகப் பேட்டி கண்ட 101 பேரில் நூற்றுக்கு 9 பேருக்கு மரண விளிம்பு அனுபவம் இருந்தது. தட்டில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. 2023 இன் அடுத்த ஆய்வில் படத்தோடு, காதில் பழங்களின் பெயர்களையும் ஒலிக்கவிட்டார்கள். பேட்டி கண்ட 28 பேரில் படத்தைச் சொன்னவர் இல்லை. பழங்களின் பெயரை ஒருவர் சொன்னார். சாகிறவருக்குப் பக்கத்தில் தேவாரம் படிப்பவர்களும் செபம் சொல்பவர்களும் வீணாகக் கத்தவில்லை போலும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அதற்கு அப்பால் ஒன்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவதை இரு பக்கத்தாரும் அடிக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் இல்லை.

திரும்பி வந்தவர் ஏன் முன்போல இல்லை?

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், காரணம் இதை நான் கண்ணால் கண்டேன்.

பெரியப்பாவுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் எல்லை வேலிச் சண்டை பதினொரு வருடமாக நடந்தது. ஒரு முழ நிலம். வழக்கு, தவணை, சட்டத்தரணி, வீதியில் கண்டால் முகம் திருப்பல். வைத்தியசாலையால் வந்து ஐந்தாறு மாதம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் காலையில் தானே போய், "நீ சொன்ன இடத்திலேயே கதியாலைப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லும்போது சிரித்தாராம். பெரியம்மாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. "எமன் ஆளை அனுப்பிப்போட்டு புத்தியைப் பிடிச்சு வைச்சிட்டான்" என்பார்.

வான் லொம்மெலின் குழு அந்த நோயாளிகளை இரண்டு வருடம் கழித்தும், எட்டு வருடம் கழித்தும் மறுபடி சந்தித்தது. அனுபவம் பெற்றவர்களிடம் சாவுப் பயம் குறைந்திருந்தது. சாவுக்குப் பின் ஏதோ உண்டு என்ற நம்பிக்கை கூடியிருந்தது. மற்றவரை ஏற்றுக்கொள்வதும் அன்பு காட்டுவதும் அதிகரித்திருந்தன. இரண்டாம் வருடத்தைவிட எட்டாம் வருடத்தில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். மின்னல் அடித்ததுபோல அன்றைக்கே ஞானம் வருவது வீடியோவில். வாழ்க்கையில் அது நாற்று வேர்பிடிப்பதுபோல நடக்கிறது. முதலில் மஞ்சளித்துச் சோர்ந்துதான் நிற்கும். பெரியப்பாவின் அந்த ஐந்தாறு மாத மௌனம் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏன் மாறுகிறது என்பதில் ஒரு துப்பு, நினைவின் தன்மையில் இருக்கிறது. 2013 இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில், இந்த நினைவுகளை உண்மைச் சம்பவ நினைவுகளோடும் கற்பனை நினைவுகளோடும் ஒப்பிட்டார்கள். கற்பனைபோல மங்கலாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், உண்மைச் சம்பவத்தைவிடவும் விவரமும் உணர்ச்சியும் கூடியதாக இருந்தது. கனவு காலையில் கலையும். இது கலையாது. தினமும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நீ இப்போது செய்வது தேவையானதா என்று கேட்கும்.

சமயம், ஆன்மிகம் என்ற இரண்டையும் இந்த இடத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும். கோவில், திருவிழா, விரதம், குருமார் என்று ஊர்கூடிச் செய்வது சமயம். நான் யார், எதற்காக இருக்கிறேன் என்று தனக்குள் தேடுவது ஆன்மிகம். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூடுவது இரண்டாவது. முதலாவது சிலருக்குக் குறையவும் செய்கிறது. பெரியப்பா வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குத் தூக்குக்காவடி எடுத்த மனிதர். இப்போது அந்தச் சனத்துக்குள் போவதில்லை. குளக்கட்டில் போய் இருக்கிறார். மடு மாதா திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு பஸ் ஏறுகிறார். "எல்லாம் ஒரு வாய்க்கால்தான்" என்கிறார். இதைக் கேட்டுக் கோவில் தர்மகர்த்தா ஒருவர் கோபித்தும்விட்டார்.

சாவுக்கு அஞ்சாதவர் சாவைத் தேடுவாரோ என்று வீட்டார் பயப்படுவதுண்டு. ஆய்வுகள் காட்டுவது எதிரானது. உயிரை மாய்க்க முயன்று இத்தகைய அனுபவத்தோடு திரும்பியவர்களிடம்கூட அந்த எண்ணம் குறைந்ததைக் கிரேசன் பதிவு செய்திருக்கிறார்.

தமிழர்களுக்குத் தெரிந்த பெரிய உதாரணமாக ரமணரைச் சொல்வார்கள். 1896 இல் மதுரையில், 16 வயதில், திடீரென்று சாவுப் பயம் பிடித்தது. பிணம்போல நீட்டி நிமிர்ந்து படுத்து, சாவது எது என்று விசாரித்தார். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போனவர் 1950 இல் உடல் நீங்கும்வரை அங்கேதான் இருந்தார். அவருக்கு அன்று நோய் இல்லை, இதயம் நிற்கவில்லை. கிரேசனின் அளவுகோலில் அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்று கேட்பதே வேடிக்கை. ஆனால் சாவை நேருக்கு நேர் பார்த்தது மனிதரை மாற்றும் என்பதற்கு உடம்பு நின்றுபோக வேண்டிய கட்டாயம் இல்லை என்று இது காட்டுகிறது.

பயங்கரமாகக் கண்டவர்கள்

எல்லாருக்கும் அமைதியான குளக்கட்டு கிடைப்பதில்லை. 1992 இல் கிரேசனும் நான்சி எவன்ஸ் புஷ்ஷும் வேதனையான 50 அனுபவங்களைச் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள்: வழமையான ஒளியும் மிதப்புமே பயமாகத் தெரிந்தது, ஒன்றுமில்லாத வெறுமையில் தனித்துக் கிடந்தது, நரகம்போலக் கண்டது. எங்கள் ஊரில் இவர்கள் வாய் திறப்பதே இல்லை. திறந்தால், பாவக் கணக்கு என்று பக்கத்து வீடு தீர்ப்புச் சொல்லிவிடும். நல்லவருக்கு நல்ல காட்சி, கெட்டவருக்குக் கெட்ட காட்சி என்ற கணக்கு எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

மூலையில் இருந்த அக்கா

இப்போது அவருடைய கேள்வி. 2009 இல் அந்தக் கடற்கரைத் துண்டில் நடந்தது, சாவு பக்கத்தால் போன முதல் வகை. ஒரு தடவை இல்லை, நாளுக்கு நூறு தடவை. தன் பக்கத்தால் போனது பக்கத்தில் இருந்த பிள்ளைமேல் விழுந்தது. அது மனதில் விடும் தடத்துக்கு மனவடு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், தனி ஆளுக்கு அப்பால் குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைவதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். மரண விளிம்பு நினைவு, கூப்பிட்டால் வரும், சொல்லச் சொல்ல ஆளை இளக்கும். மனவடுவின் நினைவு கூப்பிடாமல் வரும். வெடிக் கொளுத்தினால் வரும், ஹெலி பறந்தால் வரும், நித்திரையில் வரும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

வெளிச்சம் வராதது அக்காவின் குறை இல்லை. இதயம் நின்றவர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை. சாவில் இருந்து வந்தவர்கள் எல்லாம் ஞானியாகி வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் வீடியோக்களை எனக்குப் பிடிக்காமல் போனது இந்த இடத்தில்தான். மனவடுவுக்கு வைத்தியசாலை மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு, எத்தனை வருடம் கழிந்திருந்தாலும்.

வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால்

பெரியப்பா மூன்று வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "விசர் எண்டு சொல்லுவியள், இல்லாட்டிச் சாமி எண்டு சொல்லுவியள்" என்றார். விசர் இல்லை என்பதை மனநல வைத்தியமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1994 இல் "சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை" என்று தனி வகை சேர்க்கப்பட்டது. நோயாக இல்லை, உதவி தேவைப்படக்கூடிய ஒரு கட்டமாக. நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் மாதக்கணக்கில் குழம்பினால் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றப்படி, இடையில் வெட்டாமல் கேளுங்கள். கேட்கும்போதே எமனையோ ஒட்சிசனையோ எடுத்து வைக்க வேண்டாம். நான் அந்த இரண்டாவது பிழையைச் செய்தேன்: விழித்திரை, கடைசிக் காணி என்று அவருக்குப் படிப்பிக்கப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, மாட்டுக்குத் தண்ணி வைக்கோணும்" என்று எழும்பினார்.

பெரியம்மா உலை மூடியைத் துடைத்தபடி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பதினைஞ்சு நிமிசம் இவர் குளக்கட்டிலை நிண்டாராம். நான் வார்ட்டு வாசல்லை நிண்டனான். இவரைத்தான் எல்லாரும் வந்து கேக்கினம்."

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் இருந்து தொடங்கினார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சொன்னார்.